ரோசிக்குப் பிடிக்காத செண்ட்

என் சரக்கை எட்டி உதைத்த ஒரே கஸ்டமர் ஒரு பசுமாடு. செண்ட் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்து என் கடையைக் கேட்டால் எல்லாரும் கை காட்டுவார்கள். வெளிநாட்டுக் கம்பெனி செண்ட் எதைக் கொடுத்தாலும் ஒரு தடவை மோந்து பார்ப்பேன். அதே டைப்பில் ஆயில் கலந்து, காலேஜ் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற விலையில் கொடுத்துவிடுவேன். சென்னையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்களே என் சரக்கை ஒரிஜினல் என்று நினைத்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அந்தோணியம்மா கடைக்கு வந்தது ஒரு காலை நேரம். கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்துக்காரர். கையில் காலியான வெளிநாட்டு செண்ட் பாட்டில்.

"அண்ணே, இதே வாசனை வோணும். கடையில கேட்டா ஒரு மாடு வெல சொல்றான்."

"யாருக்கும்மா? மருமவனுக்கா?"

"மாட்டுக்குண்ணே."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தம்மா சிரிக்கவில்லை. அவர் மகன் சேவியர்தான் அவர்கள் வீட்டு ரோசி மாட்டைக் கன்றிலிருந்து வளர்த்துக் கறந்தவன். டவுனில் செல்போன் கடையில் வேலை. துபாயிலிருந்து மாமன் கொடுத்த இந்த செண்ட் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டான். இப்போது அவனும் துபாய் போய்விட்டான். அன்றிலிருந்து ரோசி யாரையும் கிட்டே சேர்ப்பதில்லை, பாலை அடக்கிக்கொள்கிறது.

"மடி கல்லாட்டம் கீதுண்ணே. டாக்டர் ஊசி போட்டா அன்னிக்கி வுடுது, மறுநா பழைய கதைதான். இப்டியே போனா மடி கெட்டுப்பூடும், அடிமாட்டுக்குத்தான் தள்ளணும்னு சொல்லிட்டாரு. எங்க வூட்டுல அடுப்பு எரியறதே அது பாலுலதான்."

"அவன் சட்டைய மாட்டிக்கினு போய்ப் பாக்கறதுதானே?"

"புள்ள போற அன்னிக்கே எல்லாத்தையும் சோப்பு போட்டுத் தொவைச்சி மடிச்சி வெச்சிட்டேனே. பாழாப்போன சுத்தம்!"

மூடியை மோந்தேன். எனக்குத் தெரிந்த சரக்குதான். அங்கேயே கலந்து கொடுத்தேன். "போங்கம்மா, மாடு உங்கள அம்மான்னு கூப்புடும்" என்று வாய் வேறு பேசினேன்.

மறுநாள் அவர் வீட்டுக்காரர் சவரிமுத்து வந்தார். முழங்காலில் கட்டு.

"இன்னா செண்ட்டுயா குடுத்த? அது அடிச்சிக்கினு கிட்ட போனா மூஞ்சிய திருப்பி ஒரே ஒத. பக்கெட்டு ஒருபக்கம், நான் ஒருபக்கம். ஊரே சிரிக்குது."

எனக்குச் சுருக்கென்றது. மனுஷன் குறை சொன்னால் வாதாடலாம். மாட்டிடம் என்ன பேச? கடையைப் பூட்டிவிட்டு அவரோடேயே பஸ் ஏறினேன்.

ரோசி கட்டுத்தறியில் நின்றது. என் செண்ட்டைத் தடவிய கையை நீட்டினேன். ஒரே ஒரு தடவை மோந்தது. மூச்சைப் புஸ்ஸென்று விட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. இவ்வளவு வருஷத்தில் என் சரக்கை அவ்வளவு சீக்கிரம் யாரும் எடைபோட்டதில்லை.

"சேவியர் எப்ப செண்ட் அடிப்பான், எப்ப கறப்பான்?" என்று கேட்டேன்.

"காத்தால நேத்து போட்ட சட்டையோட கறப்பான். அப்பறம் குளிச்சி, வேற சட்ட மாட்டி, செண்ட் அடிச்சிக்கினு வேலைக்கிப் போவான். சாயங்காலம் வந்ததும் அதே சட்டையோட மறுக்கா கறப்பான்" என்றார் அந்தோணியம்மா.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ரோசி புது செண்ட்டை மோந்ததே கிடையாது. நாளெல்லாம் வெயிலில், வேர்வையில் ஊறி, மேல்வாசனை பறந்து போன பிறகு மிஞ்சுகிற அடிவாசனைதான் அதற்குச் சேவியர்.

கடைக்கு வந்து, அந்தோணியம்மாவிடம் வாங்கி வந்த காலி பாட்டிலில் ஒட்டியிருந்த கடைசிச் சொட்டை ஒரு துணியில் வைத்தேன். இன்னொரு துணியில் என் சரக்கு. இரண்டையும் வெயிலில் கட்டிவிட்டுச் சாயங்காலம் மோந்தேன். என் துணியில் வெறும் தித்திப்பு நின்றது. அந்தத் துணியிலோ மழைக்குப் பிந்தின காட்டு மரம் மாதிரி ஒன்று, இதமான சூட்டோடு, இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எவன் செய்தானோ, அவன் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். எங்கள் தொழிலில் மேல்வாசனையை மட்டும் ஒப்பேற்றி விடுவோம். கடையில் நிற்கிற நேரத்துக்கு அது போதும். கஸ்டமர் வீடு போய்ச் சேர்வதற்குள் குட்டு உடைந்தால் யார் பார்க்கிறார்கள்?

வெட்டிவேர் ஆயிலும், நாளெல்லாம் நின்று மணக்கிற அம்பரும் கூட்டி, துணியில் கட்டி, மோந்து, தப்பைப் பார்த்து, மறுபடி கலந்தேன். இரண்டு துணியும் ஒன்று போல ஆனதும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"சேவியர் சட்டைய மாட்டிக்கினு இத அடிச்சிக்கம்மா. மாட்டுக்கிட்ட உடனே போவாத. மரவள்ளிக் காட்டுல நாளெல்லாம் வேல செய், அப்பறம் போ."

"புடவ மேல சட்ட, மேல செண்ட்டு. களை வெட்டப் போறாளா, கல்யாணத்துக்குப் போறாளா?" என்றார் சவரிமுத்து.

"ஒத வாங்குன மனுசன் ஓரமா நில்லு" என்றார் அந்தோணியம்மா.

சாயங்காலம் நானும் கூட நின்றேன். அந்தம்மா பக்கெட்டோடு மெல்லக் கிட்டே போனார். ரோசி காதை முன்னால் தள்ளியது. தோளை மோந்தது. பிறகு தலையைத் தூக்கி அந்தம்மா முகத்தைப் பார்த்தது. வந்தது அவன் இல்லை என்று அதற்கு நன்றாகத் தெரிந்திருக்கும். சவரிமுத்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். நானும்தான். ரோசி மறுபடி மோந்தது. நீளமான நாக்கால் சட்டைக் காலரை ஒரு தடவை நக்கியது. கை மடியில் படுவதற்கு முன்பே காம்பிலிருந்து பால் சொட்டத் தொடங்கியது.

அந்தோணியம்மா சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பக்கெட்டில் சர்சர்ரென்று பால் விழுந்தது.

ரோசி ஏமாந்ததா, போனால் போகட்டும் என்று ஒத்துக்கொண்டதா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். கஸ்டமர் கையில் செண்ட்டைத் தடவியதும் காசு வாங்கிக் கல்லாவில் போடாதீர்கள். "வேலைக்குப் போய்ட்டு, சாயங்காலம் மோந்து பாத்துட்டு வாங்க" என்று அனுப்புங்கள். நான் அப்படித்தான் அனுப்புகிறேன். அநேகமாக எல்லாரும் திரும்பி வருகிறார்கள்.