பைனாகுலர்காரர் பார்த்த உள்ளான்

எண்பதுகளில் ஒரு கோடை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், கழுத்தில் பைனாகுலரைத் தாலி மாதிரி தொங்கவிட்டிருந்தார். நொடிக்கொருதரம் அதை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார். வருஷா வருஷம் தூத்துக்குடிக் கடற்கரைக்குப் போய் அபூர்வப் பறவைகளைப் பார்ப்பாராம். பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி பீற்றினார்.

“இந்தத் தடவை ஒரு உள்ளான் குருவி பாத்தேன். கூட்டமெல்லாம் சித்திரைக்கு முன்னயே வடக்க பறந்துருச்சு. இது ஒண்ணு மட்டும் நொண்டிக்கிட்டுக் கரையில நின்னுச்சு. அம்புட்டு அழகு!”

“பொறவு என்ன ஆச்சு?” என்றேன்.

“கறி கம்மி. எலும்புதான் ஜாஸ்தி” என்றார், பைனாகுலரைத் துடைத்தபடி.

வன்னியம்பட்டி விலக்கில் இறங்கிப் போனார். நொண்டிக் குருவியைப் பிடிக்கிறவனுக்குப் பைனாகுலர் எதற்கு என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.