கூடம் கோணல்

என் கையில் நரம்பு லேசில் அகப்படாது. வேலையில் சேருமுன் உடல்தகுதிச் சான்று வேண்டும் என்றார்கள். அதற்காக ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். முதலில் ஊசி எடுத்த பெண் இரண்டு கையிலும் தேடித் தோற்றுவிட்டு, "அக்காவக் கூப்பிடுறேன்" என்று எழுந்து போனாள். வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதை யார் கேட்டாலும் சற்று நீட்டித்தான் சொல்வேன். இயற்பியல், கல்லூரியில் வாங்கிய பரிசு, அப்பா பட்டமளிப்புக்குப் புதுச் செருப்பு வாங்கியது வரைக்கும் வந்துவிட்டு, எப்போது குத்தப்போகிறீர்கள் என்று திரும்பினால், குப்பி நிறைந்திருந்தது.

"பஞ்ச அழுத்திப் பிடிங்க தம்பி. மீதிக் கதைய ரிசல்ட் வாங்க வரும்போது சொல்லுங்க" என்றார்.

மருத்துவமனையில் எல்லாருக்கும் அவர் ஊசியக்கா. குழந்தைகள் வார்டில் யாருக்காவது ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் அவரைத்தான் தேடுவார்கள். வேலை கிடைத்து நான் வாடகைக்கு வந்த ஆறு மாடிக் கட்டடத்தில், என் தலைக்கு மேல் நடக்கும் காலடி அவருடையது என்று பிறகுதான் தெரிந்தது. அவர் கணவர் சரக்கு லாரி ஓட்டுபவர். வீட்டில் இருந்ததைவிட ரோட்டில் இருந்ததுதான் அதிகம். பிள்ளை இல்லை. அந்த வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்றால் தூரத்தில் ஒரு செல்போன் கோபுரம் தெரியும். அதன் உச்சியில் ஒரு பருந்து கூடு கட்டியிருந்தது. வேலை முடிந்து வந்ததும் அக்கா அந்தக் கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். குஞ்சு பறக்கும்வரை படம் பிடித்து வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. செல்போனில் எடுத்தால் பருந்து எள்ளாகத் தெரிந்தது.

"நீங்க படிச்சவரு. கூட வந்து ஒரு சின்ன வீடியோ கேமரா பாத்துக் குடுங்க. ரொம்ப விலைக்குப் போகாதீங்க" என்றார்.

கடையில் மூன்றைக் காட்டினார்கள். தண்ணீருக்குள்ளும் எடுக்கலாம் என்ற குட்டிக் கேமராவில் ஊரே தெரிந்தது, பருந்து மட்டும் தெரியவில்லை. கைப்பிடியின் மேல் தலையாட்டிப் பொம்மைபோலத் திரும்பும் இன்னொன்றின் விலையைக் கேட்டதும் அக்கா கையை இழுத்துக்கொண்டார். மூன்றாவது உள்ளங்கைக்குள் அடங்கும், விலையும் அடக்கம், ஜூம் எக்கச்சக்கம். மாடு வாங்குபவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல நான் அதன் மூடி, பேட்டரி, கார்டு போடும் பொந்து எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"சார் கேமரா வாங்குறாரா, தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்குறாரா?" என்றவர், அக்காவிடம் திரும்பி, "இதுல ஒரே ஒரு குறைதான் மேடம். கை ஆடினா படமும் ஆடும். அத சரிபண்ற வசதி இதுல இல்ல" என்றார்.

அக்கா சிரித்தார். "ஆடாத கைதாங்க எனக்குச் சோறு போடுது."

ஒரு வாரம் கழித்துப் படிக்கட்டில் பார்த்தபோது பருந்தைப் பற்றி அவரே பேச்செடுக்கவில்லை. நான் கேட்டேன். படம் ஆடுகிறது என்றார். கையில் பிடித்தால் அப்படித்தான் இருக்கும், ஸ்டாண்டு வாங்கி ஜன்னல் திட்டில் வையுங்கள் என்றேன். வைத்தார். அப்போதும் ஆடியது. பட்டனை அழுத்தும்போது நம் விரல் ஆட்டிவிடுகிறதோ என்று அவருக்குச் சந்தேகம்.

அவர் பயம் வேறு எங்கோ இருந்தது என்பதை அப்புறம்தான் சொன்னார். அவருடைய அம்மாவுக்கு ஏறக்குறைய இதே வயதில் கை நடுங்க ஆரம்பித்ததாம். முதலில் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனது. கடைசியில் டம்ளரை வாய்வரை கொண்டுபோக முடியாமல் போனது. நடுங்கும் கைக்கு ரத்தக் கூடத்தில் இடமில்லை. பயம் வந்த கை பழைய கையாக இருக்குமா? ஒரு குழந்தைக்கு முதல் குத்தில் நரம்பு தவறியது. மறுநாள் ஒரு பெரியவருக்கும் தவறியது. கூடத்தின் பொறுப்பாளர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தாரே தவிர எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றார் அக்கா.

இதே நாட்களில்தான் எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தை மோட்டார் சைக்கிள் விற்கும் கடைக்கு விட்டிருந்தார் வீட்டுக்காரர். உள்ளே இருந்த சுவர்களையெல்லாம் இடித்து அள்ளினார்கள். வண்டிகள் நன்றாகத் தெரிய வேண்டுமென்று முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வரப்போகிறது என்று பேசிக்கொண்டோம். இடித்த சத்தம் நின்றது எங்களுக்கெல்லாம் நிம்மதியாகத்தான் இருந்தது.

கேமராவைத் திருப்பிக் கொடுத்து, அதே கம்பெனியில் ஆட்டம் சரிசெய்யும் வசதியுள்ள பழைய கேமரா ஒன்றை மாற்றி வாங்கினோம். அன்று சாயங்காலமே அக்கா கீழே வந்து கூப்பிட்டார். முகம் தெளிந்திருந்தது. கோபுரம் இப்போது அசையவில்லையாம். ஆனால் ஒரு சின்னக் கோளாறு, வந்து பாருங்கள் என்றார்.

பார்த்தேன். கோபுரம் நட்டுவைத்தது மாதிரி நின்றது. கூட்டில் பருந்து கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது. படத்தின் ஓரத்தில் மங்கலாக ஜன்னல் கம்பி தெரிந்தது. அந்தக் கம்பி நடுங்கியது.

முதல் கேமராவில் எடுத்தது கார்டில் இருந்தது, அதையும் போடச் சொன்னேன். அதில் கம்பி அசையாமல் நின்றது. தூரத்துக் கோபுரம் நடுங்கியது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டோம். பின்னணியில் தெருவில் பஸ் போகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நடுக்கம் கூடியது. பஸ் போன பிறகும் சற்று நேரம் அடங்கவில்லை. திட்டில் வைத்த கேமராவும் சுவரில் பதித்த கம்பியும் ஒன்றாக ஆடியிருக்கின்றன. முதல் கேமராவுக்குத் தான் ஆடுவது தெரியாது, அதனால் கோபுரம் ஆடுவதாகக் காட்டியது. இரண்டாவது தன் ஆட்டத்தைக் கழித்துவிட்டது, அதனால் கம்பி ஆடுவது தெரிந்தது. இதை அக்காவுக்கு விளக்கி முடித்தேன்.

அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப என் கை இல்லையா?"

"இல்லக்கா. வீடு."

அக்கா எழுந்துபோய் ஒரு டம்ளரில் தண்ணீரை விளிம்புவரை ஊற்றி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு சொட்டு சிந்தவில்லை. "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பிறகு அந்த டம்ளரை மேசைமேல் வைத்தார். தெருமுனையில் ஒரு பஸ் திரும்பியது. தண்ணீரின் மேல் வட்டம் வட்டமாக வந்தது. அவர் சிரிப்பு நின்றது.

மறுநாள் வீட்டுக்காரர் கடை வேலையைப் பார்க்க வந்திருந்தார். கலகலப்பான மனிதர், வாடகை கேட்கும்போதுகூடச் சிரித்துக்கொண்டுதான் கேட்பார். குடியிருப்பவர்கள் நாலைந்து பேர் சுற்றி நிற்க, அக்கா கேமராவை நீட்டினார். அவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கை ஆடுது, கட்டடத்து மேல பழியப் போடுறீங்களேம்மா."

எல்லாரும் சிரித்தார்கள். நான் கம்பியைக் காட்டி, கீழே சுவர்களை இடித்ததால்தான் இப்படி என்று பேச ஆரம்பித்தேன். படிச்ச தம்பிக்கு வேலை நேரம் ஆகலையா என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அக்காவிடம் மட்டும் சொல்வதுபோல, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ரத்தம் எடுக்குற இடத்துல கை ஆடுதுன்னு தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அன்று அக்கா கேமராவை அலமாரிக்குள் வைத்துவிட்டிருக்கலாம். வைப்பார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் ஒவ்வொரு மாடியாக ஏறி, கதவைத் தட்டி, இரண்டு படத்தையும் போட்டுக் காட்டினார். சிலர் உட்காரச் சொல்லிப் பார்த்தார்கள். சிலர் வாசலிலேயே தலையாட்டி அனுப்பினார்கள். இரண்டாம் மாடிக்காரர், முன்பணத்தை உங்க பருந்தா வாங்கித் தரும் என்று கேட்டார். நகராட்சிக்கு எழுதிப் போட்டோம். ஒருவர் வந்து தரைத்தளத்துத் தூணைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரோடு காரில் ஏறிப் போனார்.

வாரக் கடைசியில் பொறுப்பாளர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். அக்காவுக்குக் கை நடுங்குகிறது என்று அவருக்கு ஒரு போன் வந்திருந்தது. யார் என்று அவர் சொல்லவில்லை, அக்கா கேட்கவுமில்லை. பொறுப்பாளர் நாற்காலியில் சாய்ந்து, தன் சட்டைக் கையை மடித்து மேசைமேல் நீட்டினாராம். "எனக்கு எடுங்க சிஸ்டர்." அக்கா ரப்பர் பட்டையைக் கட்டினார். அறையில் இருந்த எல்லாரும் அவர் விரலையே பார்த்தார்கள். பொறுப்பாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, போனில் சொன்னது பொய்யாக இருந்தால் தனக்கும் சந்தோஷம்தான் என்று ஏதேதோ பேசினார். கடைசியில், "எப்பத்தான் குத்துவீங்க?" என்றார்.

"எடுத்தாச்சு சார். பஞ்ச அழுத்திப் பிடிங்க."

வேலை பிழைத்தது. வீட்டுக்கு வந்து அக்கா மேசையில் டம்ளரை வைத்துப் பார்த்தார். இப்போது பஸ் வர வேண்டியதில்லை; மாடிப்படியில் யாரோ இறங்கினாலே வட்டம் வந்தது. கதவு நிலையில் உராயத் தொடங்கியிருந்தது. கணவர் லாரியோடு வந்ததும் அதிலேயே சாமான்களை ஏற்றினார்கள். என் பெட்டியையும் அதிலேயே போட்டுக்கொண்டேன். முன்பணம் இருவருக்கும் திரும்பி வரவில்லை.

ஊசியக்கா இப்போது அதே தெருவில், எதிர்வரிசையில் தள்ளி இருக்கும் பழைய வீடு ஒன்றின் மாடியில் குடியிருக்கிறார். மருத்துவமனையில் காலை ஷிப்ட், குழந்தைகள் வார்டு. பருந்துக் குஞ்சு பறந்துவிட்டது. கேமரா இன்னும் ஜன்னல் திட்டில்தான் நிற்கிறது, ஆறு மாடிக் கட்டடத்தைப் பார்த்தபடி. கீழே கண்ணாடி போட்டுவிட்டார்கள். பலூன் கட்டிக் கடை திறந்தாயிற்று. அக்கா இருந்த வீட்டுக்குக் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அக்கா போய்ப் படத்தைக் காட்டினார். மரியாதையாக உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பார்த்தார்கள். காலி செய்யவில்லை.