தானே நகர்ந்த அம்பு

நகரியில் விசைத்தறிச் சேலைகளுக்குக் கணினியில் டிசைன் வரைந்து பிழைக்கிறேன். முன்பெல்லாம் கணினி மக்கர் செய்தால், திருப்பதியில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் என் கல்லூரித் தோழி ரயிலேறி வருவாள். சரிசெய்துவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவாள்.

பிறகு ஒருமுறை, இனி வரவே தேவையில்லை என்று ஒரு மென்பொருளைப் போட்டுவிட்டாள். இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள், இருந்த இடத்திலிருந்தே வேறொரு கணினியின் திரையைப் பார்க்க வழி செய்து, அந்த வித்தையை ஊருக்கே இலவசமாகக் கொடுத்தார்களாம். எங்கள் டெலிபோன் லைனில் படம் சதுரம் சதுரமாகப் போய்ச் சேர்வதற்குள் நான் சோறு வடித்துவிடுவேன். அடுத்து வந்ததில் திரையில் ஓர் எண் தெரியும். அதைப் போனில் படித்துச் சொல்லி, 'அனுமதி' என்பதை நான் அழுத்தினால்தான் அவள் உள்ளே வர முடியும். அதற்கும் பிறகு நிரந்தரக் கடவுச்சொல் வந்தது. இந்தப் பக்கம் ஆளே இருக்க வேண்டாம்.

"ஒவ்வொரு வாட்டியும் நம்பர் சொல்லிக்கினு இருப்பியா? நான் இன்னா அசலாளா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கூட உட்கார்ந்து சாப்பிட்டவளிடம் கதவைத் தட்டிவிட்டு வா என்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. கடவுச்சொல்லை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றுவிட்டேன்.

போன வருஷம் என் முந்தானை டிசைன் ஒன்று, எங்கள் தறியில் ஏறுமுன்பே புத்தூரில் ஒரு கடையில் தொங்கியது. "இன்னாம்மா, ரெண்டு எடத்துல விக்கிறியா?" என்றார் தறி முதலாளி. இன்னொரு தரம் நடந்தால் வேலை கிடையாது என்றும் சொல்லிவிட்டார். யார் யார் மேலேயோ சந்தேகப்பட்டேன். அழுததெல்லாம் அவளிடம்தான். "உடு, கண்ணு பட்டுச்சுன்னு நெனச்சுக்கோ" என்றாள், மகராசி.

சங்கராந்தி டிசைனை முடித்த மத்தியானம், சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்து பார்க்கிறேன், திரையில் அம்பு தானாக நகர்ந்துகொண்டிருக்கிறது. மௌஸ் கெட்டுவிட்டது, அவளைக் கூப்பிட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். எப்பேர்ப்பட்ட முட்டாள் நான்! அம்பு நேராகப் போய்ச் சங்கராந்தி டிசைன் இருந்த ஃபோல்டரைத் திறந்தது.

அவளுக்குப் போன் போட்டேன். அம்பு சட்டென்று நின்றது.

"எங்கடி கீற?"

"காளஹஸ்தில, ஒரு கல்யாணத்துல. இன்னா, கம்ப்யூட்டர் தகராறா?"

"இல்ல, சும்மாதான்."

போனை வைத்தேன். அம்பு மறுபடி நகர்ந்தது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறவளைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு நின்றேன். நெட் வயரைப் பிடுங்கிப் போட்டேன்.

உடனே போன் அடித்தது. அவள்தான்.

"கேக்க மறந்துட்டேன்டி. உங்க ஊட்ல கரண்ட் கீதா?"