சிவப்புக் குழாய்

துபாய் பக்கத்தில் அஜ்மானில் நாங்கள் இருந்த ஃப்ளாட்டில் ஜூன் பிறந்துவிட்டால் நீலக் குழாயைத் தொட முடியாது. மொட்டைமாடித் தொட்டி பகலெல்லாம் வெயிலில் வெந்து, நீலத்தில் வெந்நீர்தான் கொட்டும். அதனால் கோடை முழுக்க ஹீட்டரை அணைத்தே வைத்திருப்போம். வீட்டுக்குள் ஏசி குளிரில் இருக்கும் அந்த ஹீட்டரில் தேங்கிய தண்ணீர் ஆறிவிடும். ஆக, குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் சிவப்புக் குழாயைத் திறக்க வேண்டும். அங்கே குடும்பம் நடத்தும் பலரும் இப்படித்தான் செய்தார்கள்.

ஆறின தண்ணீர் ஒரு வாளி தேறினால் அதிகம். அது என் மகளுக்கு. பக்கத்து ஃப்ளாட்காரியோ, சூடு போகட்டும் என்று நீலக் குழாயைத் திறந்துவிட்டு டீ போடப் போய்விடுவாள். கடல் நீரிலிருந்து உப்பைப் பிரித்து ஊருக்கே கொடுக்கிற தண்ணீர் அப்படியே சாக்கடைக்குப் போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஒங்கப்பன் வீட்டுக் கெணறாட்டி இது?" என்று சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கத்துவேன். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நடக்கத் தொடங்கியதிலிருந்து அவளுக்கு நான் சொன்ன பாடம் அதுதான். "மக்ளே, நீலம் சுடும். சிவப்பத் தொற."

கீழே பூங்கா இருந்தது. சாயங்காலத்திலும் சறுக்குமரம் தொடையைச் சுட்டது. பிள்ளை கோடை முழுக்க ஏசிக்குள்ளேயே கிடந்தாள், இளைப்பு வந்துவிட்டது. நான் நர்ஸ். எத்தனையோ பிள்ளைகளுக்கு மூச்சு மருந்துக்கு நெபுலைசர் வைத்த நான், அவளுக்கும் வைக்க வேண்டியதாயிற்று. வெளிக்காற்று வேண்டும் என்றார் டாக்டர். நானும் கணவரும் பேசி, அழுது, கடைசியில் அவளை நாகர்கோவிலில் என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். முற்றம் இருக்கிறது, மரம் இருக்கிறது, ஓடி விளையாடட்டும் என்று நினைத்தோம்.

கொஞ்ச நாளில் தங்கை போன் செய்தாள். "அக்கா, பிள்ளைக்குக் கை பொள்ளிப் போச்சு." அவளுடைய கைக்குழந்தையைக் குளிப்பாட்ட ஹீட்டர் போட்டிருந்திருக்கிறாள். என் மகள் போய் சிவப்பைத் திறந்திருக்கிறாள். "சிவப்புலதான் குளுந்த தண்ணி வரும்னு நீங்க சொன்னியளாம். அதையே சொல்லிச் சொல்லி அழுகா."

மகள் போனை வாங்கினாள். "அம்மா, இங்க குழாயெல்லாம் தப்பா இருக்கு. நீ வந்து என்ன நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

"லீவு கெடச்சதும் வாறேன் மக்ளே" என்றேன். பிறகு குளியலறைக்குப் போய்ச் சிவப்புக் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். அவளுக்கான தண்ணீர் முழுதும் வீணாக ஓடியது. நிறுத்தத் தோன்றவில்லை.

மறு கோடையில்தான் லீவு கிடைத்தது. இளைப்பு போயே போய்விட்டது. வெயிலில் கறுத்து, முழங்காலெல்லாம் சிராய்ப்போடு, அவ்வளவு அழகாக இருந்தாள். கட்டிப்பிடித்தபோது வெட்கப்பட்டு நெளிந்தாள். முகம் கழுவப் போன நான், பழக்கத்தில் சிவப்புக் குழாயைத் திருகப் போனேன். பின்னாலேயே வந்தவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் புறங்கையில் தழும்பு இருந்தது.

"அதத் தொறக்காதீங்க, சுடும்."

நீங்க என்றாள். பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்.

"சித்தி, அம்மாவுக்கு நம்ம வீட்டுக் குழாய் தெரியல்ல. ஒரு துவர்த்து எடுத்துக் குடுங்க."

தங்கை துண்டோடு வந்து நின்றாள். நான் நீலக் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.