அத்தான் ஏறாத பஸ்

என் அக்கா வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவர். முந்திக்கொண்டு போகிறவனைக்கூடத் திட்ட மாட்டார். "போப்பா ராசா, உனக்கு என்ன அவசரமோ" என்று வழிவிடுவார். அப்படிப்பட்டவரின் பஸ்ஸுக்குக் குறுக்கே ஒருநாள் பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை ஓடி வந்தது. அத்தான் பிரேக்கை மிதித்தார். வண்டி குழந்தைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. குழந்தை பந்தை எடுத்துக்கொண்டு அது பாட்டுக்குப் போய்விட்டது. அத்தானைத்தான் கண்டக்டர் கைத்தாங்கலாக இறக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பயணியாகக்கூட பஸ்ஸில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் வியர்த்துக் கொட்டும், வலது கால் தானாகத் தரையை மிதிக்கும்.

"லீவு எடுத்துக்கோங்க. முடிஞ்சு வந்ததும் ஓட்டுறீங்களா, இல்ல ஸ்டோர் ரூம்ல உக்காருறீங்களான்னு சொல்லுங்க" என்றார் டிப்போ மேனேஜர். நல்ல மனிதர்தான். ஆனால் ஸ்டோர் ரூம் என்ற வார்த்தையைக் கேட்டு அத்தான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஓட்டுவதைத் தவிர வேறு எதையும் அவர் ஆசைப்பட்டுச் செய்ததில்லை.

அக்கா தபால் ஆபீசில் வேலை பார்க்கிறாள். அவளும் லீவு போட்டாள். "பாக்கிறவன் எல்லாம் 'எப்போ டூட்டி'ன்னு கேக்கிறான்டா. தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணுகூட இல்லாத நாட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வரோம்" என்றாள்.

எனக்கு டூர் கம்பெனியில் வேலை. பத்து நாளில் ஐந்து நாட்டைச் சுற்றிக்காட்டி, ஆட்களைச் சக்கையாகப் பிழிந்து வீட்டில் கொண்டுவந்து இறக்குவோம். நான் போட்டுக்கொடுத்த திட்டத்தை அக்கா திருப்பித் தந்துவிட்டாள். அவளும் அத்தானும் இரண்டு பிள்ளைகளுமாக நான்கு பேரும் ரயிலில் எல்லை தாண்டினார்கள். ரயிலுக்குத் தண்டவாளம் இருக்கிறது, ஓட்டுகிறவர் கண்ணுக்கும் தெரிய மாட்டார் என்பதால் அத்தான் அதில் மட்டும் எப்படியோ உட்கார்ந்துவிடுவார்.

இறங்கிய ஊரில் ஒரு சலவைக் கடைக்கு மேலே அறை எடுத்தார்கள். எங்கே போவதானாலும் நடைதான். மூத்தவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்று. அவன் எறும்பைக் கண்டால் உட்கார்ந்துவிடுவான். சாக்கடை மூடி வந்தால் அதன்மேல் குதிக்காமல் நகர மாட்டான். ஒரு தெருவைக் கடக்கவே காலைப்பொழுது போய்விடும். ஊரின் பெரிய கோட்டை பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் இருந்தது. இன்றுவரை அங்கேயேதான் இருக்கிறது, இவர்கள் பார்க்கவில்லை.

பக்கத்து அறையில் முதுகுப்பையோடு தங்கியிருந்த ஒரு ஜோடி இவர்களைக் கண்டு அசந்துபோயிற்று. குழந்தைகளோடு இப்படி நிதானமாக ஊர் பார்ப்பது எவ்வளவு உயர்ந்த கொள்கை என்று இங்கிலீஷில் புகழ்ந்தார்கள். அத்தான் தலையாட்டி வைத்தார். பயத்துக்கு இப்படி ஒரு நாகரிகமான பெயர் உண்டென்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. வெளியே போக வழியில்லை. மூத்தவள் அறையிலிருந்த நான்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள். அவள் டிரைவர், குக்கர் மூடி ஸ்டியரிங். சின்னவன் கண்டக்டர். அக்காவும் அத்தானும் பயணிகள்.

அத்தான் மறுத்துப் பார்த்தார். சின்னவன் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்துக் கடைசி நாற்காலியில் உட்காரவைத்தான். வண்டி கிளம்பியது. மூத்தவள் உறுமிக்கொண்டே ஒரு வளைவை ஒடித்துத் திருப்பியதும் அத்தானின் வலது கால் நாற்காலிக்கு முன்னால் தரையை அழுத்தியது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, பிரேக் என்கிட்ட இருக்கு. நீங்க காலை எடுங்க."

அக்கா சிரித்துவிட்டாள். அத்தான் காலை எடுக்கவில்லை.

மழை விடவில்லை, பஸ்ஸும் தினமும் ஓடியது. லீவு முடிய ஒரு வாரம் இருந்தபோது மூத்தவள் முன் நாற்காலியிலிருந்து எழுந்து குக்கர் மூடியை அப்பாவிடம் நீட்டினாள்.

"எனக்குக் கை வலிக்குது. நீங்க ஓட்டுங்க."

"அப்பாவுக்கு வேணாம்மா. நீயே ஓட்டு."

"பயப்படாதீங்கப்பா. நாங்க யாரும் குறுக்க ஓடி வர மாட்டோம்."

குழந்தைகள் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்து இருவரும் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். அக்கா பக்கத்தில் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து முன் நாற்காலியில் உட்கார்ந்தார். மூடியை இரண்டு கையாலும் பிடித்தார். அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. அக்கா எழுந்து, போதும் என்று சொல்லப்போனாள்.

சின்னவனுக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. அவனுக்கு வண்டி நின்றுகொண்டே இருந்தது, அவ்வளவுதான். பின்னாலிருந்து கத்தினான்: "போலாம் ரைட்!"

கண்டக்டர் ரைட் சொன்ன பிறகு வண்டியை நிறுத்தி வைத்துப் பழக்கமில்லாதவர் அத்தான். இடது கால் இல்லாத கிளச்சை மிதித்தது. இடது கை இல்லாத கியரைத் தள்ளியது. வலது கால் பிரேக்கை விட்டது.

அன்று அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"ஓட்டிட்டாருடா!"

"எந்த வண்டியை?"

"நாற்காலியைடா" என்று சொல்லிவிட்டு அழுதாள். கிண்டல் பண்ண எனக்கு வாய் வரவில்லை. நானும் அழுதேன்.