எலுமிச்சம்பழம் வைத்த டயர்

என் மகளுக்கு லைசென்ஸ் கிடைத்ததும் கோவில்பட்டியில் பழைய சின்னக் கார் ஒன்று பார்த்தோம். "ஷெட்டுலயே நின்ன வண்டி அண்ணாச்சி, டயர்ல பட்டன்கூட தேயலை" என்றார் புரோக்கர், டயரின் மேல்வரிகளைத் தடவிக் காட்டி. வாங்கிவிட்டேன். கோயில் வாசலில் நான்கு டயருக்கும் நானே குனிந்து எலுமிச்சம்பழம் வைத்தேன்.

மறுவாரம் எப்போதும்வென்றான் ஊரருகே, நான் பக்கத்தில் இருக்க, அவள் ஓட்டும்போது முன்டயர் வெடித்தது. கார் சாலையைவிட்டு இறங்கி, உழுத கரிசலில் புதைந்து நின்றது. எதிரே லாரி வராததால் பிழைத்தோம்.

இறங்கிப் பார்த்தேன். மற்ற டயர்களிலும் பட்டன் புதிதாகத்தான் இருந்தது. பக்கவாட்டு ரப்பரோ கோடைக் கரிசலாக வெடித்திருந்தது. அதில் பொறித்திருந்த தயாரிப்பு வருடத்தில் என் மகள் ஆறாம் வகுப்பு படித்தாள்.

"பழம் வைக்கும்போது இதப் பாக்கலையாப்பா?" என்றாள்.

இப்போது யார் கார் பார்க்கக் கூப்பிட்டாலும், முதலில் டயரருகே உட்கார்ந்து அந்த வருடத்தைப் படிக்கிறேன். பழம் அப்புறம்தான்.