பூட்டிய பாதைக்கு ஒரு கோடு

"பாதையத்தான் மூடியாச்சே, மேப்புல எதுக்குக் கோடு?" என்று கேட்டபடி மரக்கடைக்காரர் எங்கள் பூட்டுக்கடைக்குள் வந்தார்.

என் சித்தப்பா பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, "நம்மகிட்ட வாங்கின பூட்டு எப்படிண்ணே இருக்கு?" என்றார்.

"பூட்டுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு. நீ கோட்டை அழி."

"கதவைச் சாத்தினா வீடு காணாமப் போயிடுமா? பாதையும் இருக்கு, கேட்டும் இருக்கு. ரெண்டையும் போட்டு, 'அனுமதி இல்லை'ன்னும் சேர்த்திருக்கேன்."

"கோட்டைப் பார்த்துட்டு வந்து கேட்டை ஆட்டுறானுங்கப்பா."

"ஆட்டட்டும். பூட்டு தாங்கும்."

காலையில் பூட்டு விற்பதும், மாலையில் அதே பூட்டை வரைபடத்தில் குறிப்பதும் சித்தப்பாவுக்கு ஒன்றுக்கொன்று முரணாகப் பட்டதே இல்லை. அந்த வரைபடம் பொதுமக்களே போனில் வரைவது. யாரும் கோடு போடலாம், யாரும் அழிக்கலாம். தான் நடந்து பார்க்காத தெருவை மட்டும் அவர் போடமாட்டார்.

அந்தப் பாதை எங்கள் தெருவில் தொடங்கி மரக்கடைக்காரரின் இடம் வழியாகப் போகிறது. அதன் மறுமுனையில் உள்ள சலவைக்கடையில்தான் சித்திக்கு வேலை. கேட் வந்தபின் லாரிகள் ஓடும் ரோட்டைச் சுற்றித்தான் சித்தி வீடு வந்தாள். வந்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள்.

"பூட்டு வித்தவருக்கு ஒரு மாத்துச் சாவி வச்சுக்கத் தெரியல."

"வித்த பூட்டுக்குச் சாவி வச்சுக்கிட்டா என் பேரு பூட்டுக்காரன் இல்ல, வேற."

"சரி, அந்தக் கோட்டால என் முட்டிக்கு என்ன லாபம்?"

"கோடு போச்சுன்னா, அங்க வழியே இருந்ததில்லன்னு நாளைக்குச் சொல்லுவாங்க. அப்புறம் திறக்கச் சொல்லி யார்கிட்ட கேப்ப?"

மரக்கடைக்காரர் சும்மா இருக்கவில்லை. படித்த மாப்பிள்ளையிடம் போனைக் கொடுத்து அழிக்கச் சொன்னார். மாப்பிள்ளையின் கட்டைவிரல் கொஞ்சம் அகலம். அழிந்தது பாதையல்ல, மரக்கடைக்கு முன்னால் போகும் ரோடு.

அந்த ரோடு வரைபடத்தில் இல்லாததால், அடுத்து வந்த மர லாரியைப் போன் நேராக எங்கள் தெருவுக்கு, பூட்டிய கேட்டின் முன் கொண்டுவந்து நிறுத்தியது. பின்னால் வண்டிகள் அடைத்துக்கொண்டதால் லாரி திரும்ப வழியில்லை. மரக்கடைக்காரரே வந்து கேட்டைத் திறந்தார். கூலியாட்கள் கட்டைகளைத் தோளில் வைத்துப் பாதை வழியே சுமந்தார்கள். அவர்களுக்கு எதிரே, டிபன் பாக்ஸுடன், யாரையும் கேட்காமல், சித்தி நடந்து வந்தாள்.

"ரோட்டை மட்டும் திரும்பப் போட்டுக் குடுப்பா" என்றார் மரக்கடைக்காரர், குரல் இறங்கி.

சித்தப்பா உடனே போட்டுக் கொடுத்தார். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை.

"கேட்டைத் திறக்கச் சொல்லியிருக்கலாமே, சித்தப்பா?" என்றேன்.

"ரோடு இருக்கு, போட்டேன். அதுக்கு எதுக்கும்மா பேரம்?"

மறுநாள் கேட் மூடிக்கொண்டது. பூட்டு நன்றாகவே வேலை செய்தது. சித்தி மறுபடி சுற்றி வந்து, முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தபடி, அவரிடம் பேசாமல் இருந்தாள்.

சித்தப்பா போனை என்னிடம் நீட்டினார்.

"நீ ரெண்டு மொழி படிச்சவ. அந்தப் பாதைக்குப் பக்கத்துல ரெண்டுலயும் ஒரு வரி எழுதிக் குடும்மா. பாதை இருக்கு, போக விடமாட்டாங்கன்னு. மரக்கடை அண்ணன் படிச்சா கோபம் வரக்கூடாது. உன் சித்தி படிச்சா என்கூடப் பேசணும்."